"அது அவங்க வீட்டு விஷயம்" என்று விட்டுவிடலாமா?

(மகளிர் சுய உதவிக் குழுவினர், சுகாதாரத் தன்னார்வலர்கள், இளைஞர் மன்றத்தினர் ஆகியோருக்கு)



நம் தெருவில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலக்கிக் கொண்டு ஓடுகிறோம். நாலு வீட்டில் காய்ச்சல் கண்டால் கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் அடுத்த வீட்டில் இரவு பத்து மணிக்கு ஒரு பெண் அடிபட்டு அலறினால், டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் படுத்துக் கொள்கிறோம். காலையில் குழாயடியில் அவள் கன்னம் வீங்கி நிற்பதைப் பார்த்தும் பாராதது போல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஏன் என்று கேட்டால், "அது அவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்கு வம்பு?" என்கிறோம்.

வீட்டுக்குள் விழும் அடி உடலையும் மனதையும் கெடுக்கிறது. வயிற்றில் இருக்கும் சிசுவையும் கெடுக்கிறது. ஆகவே இது சுகாதார விஷயம். இது சட்டப்படி தண்டனைக்குரியதும் ஆகும். ஊரில் உள்ள தொண்டர்கள் இதில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை இப்பிரசுரத்தில் காண்போம்.

எதை வன்முறை என்கிறோம்?

கையை ஓங்கினால்தான் வன்முறை என்று பலரும் எண்ணுகிறார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இதை நான்கு வகையாகப் பிரித்துச் சொல்கிறது.

1. உடல் வன்முறை: அடிப்பது, உதைப்பது, சூடு போடுவது, கழுத்தை நெரிப்பது, தள்ளிவிடுவது.

2. பாலியல் வன்முறை: மனைவியே ஆனாலும் அவள் மனம் ஒப்பாதபோது வற்புறுத்துவது, இழிவுபடுத்துவது.

3. சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறை: பிள்ளை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவது, ஓயாமல் சந்தேகப்படுவது, "உன் தம்பியைத் தொலைச்சிடுவேன்" என்று மிரட்டுவது.

4. பொருளாதார வன்முறை: அவள் கூலியைப் பிடுங்கிக் கொள்வது, நகையை விற்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் பட்டினி போடுவது, வீட்டை விட்டுத் துரத்துவது.

குடும்ப நல முறையைப் பின்பற்றவிடாமல் தடுப்பதும், மாத்திரையை ஒளித்து வைப்பதும், பரிசோதனைக்குப் போக விடாமல் நிறுத்துவதும் பெண்ணின் ஆரோக்கியத்தின் மீது செய்யும் கொடுமைகளே.

எத்தனை பேர்?

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் இது 29 பேர். 20 பேர் உள்ள ஒரு சுய உதவிக் குழுவை எடுத்துக் கொண்டால், அதில் ஏழெட்டுப் பேர் இந்த அனுபவம் உள்ளவர்களாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து சந்தாப் பணம் எண்ணுகிறவர்கள்தான். அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை.

அதே ஆய்வின்படி, இந்தியாவில் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 100-க்கு 14 பேரே. அவர்களிலும் பெரும்பாலோர் பிறந்த வீட்டாரிடம்தான் போயிருக்கிறார்கள். போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சொன்னவர்கள் மிகச் சிலரே. அதனால்தான் ஊரிலேயே, கூப்பிடு தூரத்தில், நம்பிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறார்.

உடல்நலத்துக்கு என்ன கேடு?

காயமும் எலும்பு முறிவும் கண்ணுக்குத் தெரியும். தெரியாதவை பல. தூக்கமின்மை, தீராத தலைவலி, படபடப்பு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை வரும். கர்ப்ப காலத்தில் அடிபடும் தாய்க்குக் கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் கூடும். இரும்புச் சத்து மாத்திரையையும் சத்துமாவையும் நாம் வீடு தேடிப் போய்க் கொடுக்கலாம். அந்த வீட்டில் அவளுக்கு நிம்மதியாக ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை என்றால் அந்த மாத்திரை என்ன செய்யும்?

பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளும் பாதிக்கப்படுகிறார்கள். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, மற்ற பிள்ளைகளை அடிப்பது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

மக்கள் சொல்வதும் நாம் சொல்ல வேண்டியதும்

"அடிக்கிற கைதான் அணைக்கும்." — அடித்த மறுநாள் புடவையும் பூவும் வாங்கி வருவது உண்டு. சில வாரம் கழித்து மறுபடி அடி விழும். இடையில் வரும் அன்பைப் பார்த்துத்தான் பல பெண்கள் ஏமாறுகிறார்கள்.

"குடிதான் காரணம். குடிக்காதப்போ தங்கமான மனுஷன்." — குடி வன்முறையை அதிகமாக்குகிறது, உண்மை. ஆனால் குடித்தவர் முதலாளியையும் போலீஸ்காரரையும் அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியைத்தான் அடிக்கிறார். குடிக்காமலே அடிப்பவர்களும் உண்டு. குடிக்குச் சிகிச்சை வேண்டும். அடிக்கு அது சாக்காகாது.

"அவ வாய் சும்மா இருக்காது, அதான் வாங்குறா." — எதிர்த்துப் பேசுவது குற்றமல்ல. அடிப்பது குற்றம்.

"அவ்வளவு கஷ்டம்னா வந்துட வேண்டியதுதானே?" — எங்கே வருவாள்? கையில் காசில்லை. பிறந்த வீட்டில் "கல்லானாலும் கணவன்" என்று திருப்பி அனுப்புவார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு வர மனமில்லை. பல சமயம் அவள் புறப்பட முயலும் நேரம்தான் ஆபத்து மிக அதிகமான நேரம். இதைத் தொண்டர்கள் மறக்கக் கூடாது.

எப்படிக் கண்டுகொள்வது?

காயத்துக்குச் சொல்லும் காரணம் காயத்தோடு பொருந்தாது. "வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். கையில் விரல் பதிந்த தடம் இருக்கும். பழைய காயமும் புதுக் காயமும் சேர்ந்து தெரியும். தாய் சேய் நல அட்டையில் பரிசோதனைத் தேதிகள் விட்டுப் போயிருக்கும். கேட்கும் கேள்விக்கெல்லாம் கணவரோ மாமியாரோ பதில் சொல்வார். குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவள் திடீரென நின்றிருப்பாள். இவற்றில் ஒன்றைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தனியாக, பக்குவமாகக் கேளுங்கள்.

தொண்டர் செய்ய வேண்டிய ஐந்து

1. கேளுங்கள். அவள் தனியாக இருக்கும் நேரம் பாருங்கள். கணவர், மாமியார், விவரம் தெரிந்த பிள்ளை யாரும் அருகில் இருக்கக் கூடாது. "ஏம்மா, முகம் வாடியிருக்கே, வீட்ல எல்லாம் நல்லா இருக்கா?" என்று தொடங்கலாம். அவள் சொல்லும்போது குறுக்கே பேச வேண்டாம். சொல்லவில்லையானால் வற்புறுத்த வேண்டாம். "எப்ப வேணும்னாலும் வா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மூன்றாம் முறை போகும்போது சொல்லலாம்.

2. அவள் தேவையைக் கேட்டறியுங்கள். ஒருத்திக்கு மருந்து வேண்டியிருக்கும். ஒருத்திக்கு இன்று ராத்திரி படுக்க இடம் வேண்டியிருக்கும். ஒருத்திக்குச் சொல்லி அழ ஒரு மனுஷி போதும். நாமாக முடிவு கட்டக் கூடாது.

3. நம்புங்கள். "இது உன் தப்பு இல்லை. யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. நீ சொன்னது நல்லதாப் போச்சு." இந்த மூன்று வாக்கியமும் முதலுதவி போன்றவை.

4. பாதுகாப்பைப் பாருங்கள். கழுத்தை நெரித்தாரா? கத்தி, அரிவாள், மண்ணெண்ணெய் காட்டி மிரட்டினாரா? வரவர அடி கூடுகிறதா? கர்ப்பமாக இருக்கும்போது அடிக்கிறாரா? "கொன்னுடுவார்" என்று அவளே பயப்படுகிறாளா? இவற்றில் எதற்கு "ஆம்" என்றாலும் உயிருக்கு ஆபத்து உண்டு எனக் கொள்க. கழுத்து நெரிபட்டவளுக்கு வெளியே தடம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கேடு பிறகு தெரிய வரலாம்.

அவளோடு சேர்ந்து ஒரு முன்னேற்பாடு செய்யுங்கள். சண்டை தொடங்கினால் சமையலறையில் நிற்காமல் வாசல் பக்கம் வர வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கொஞ்சம் பணம் ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். எந்த வீட்டுக்கு ஓடுவது, பக்கத்து வீட்டுக்கு என்ன அடையாளம் காட்டுவது என்பதை முன்பே பேசி வையுங்கள்.

5. துணை நில்லுங்கள். எங்கே போகலாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், அவள் விரும்பினால் கூடவே போங்கள். அலுவலக வாசலில் தனியாக நிற்பதற்கும் ஓர் அக்கா கூட நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

செய்யக் கூடாதவை

கணவரிடம் போய், "உங்க சம்சாரம் இப்படிச் சொல்லுது" என்று நியாயம் கேட்காதீர்கள். அன்று இரவு அடி இரட்டிப்பாகும். "அனுசரிச்சுப் போ" என்று புத்தி சொல்லாதீர்கள். "விட்டுட்டு வா" என்றும் கட்டாயப்படுத்தாதீர்கள். அவள் சொன்னதைக் குழுப் பதிவேட்டில் பெயரோடு எழுதாதீர்கள். அவள் போனில் செய்தி அனுப்பாதீர்கள். யார் கையில் இருக்கிறதோ தெரியாது. அவள் கதையைக் கூட்டத்தில் உதாரணமாகச் சொல்லாதீர்கள். ஒருமுறை ரகசியம் வெளியானால் அந்த ஊரில் இன்னொரு பெண் வாய் திறக்க மாட்டாள்.

இதற்கு விலக்கு உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டம். சாக வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால் அவளைத் தனியே விடாதீர்கள். 104 அல்லது 14416 எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும்.

சட்டம் என்ன தருகிறது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. மனைவி மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, மகள், விதவை மருமகள் ஆகியோரும் இதன் கீழ் நிவாரணம் கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் நடந்ததை உரிய படிவத்தில் எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். மனு கிடைத்ததும் சாதாரணமாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை நாள் குறிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்.

அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாக வைத்துக் கொள்ளும் உரிமை, நஷ்ட ஈடு ஆகியவற்றைக் கேட்கலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ. 20,000 வரை அபராதம், அல்லது இரண்டுமே. கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமைக்கு 1983 முதல் தனிக் குற்றப் பிரிவு உண்டு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாக உள்ளது. தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

தொண்டர்கள் அறிய வேண்டியது ஒன்று: வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது. ஆகவே "நமக்கெதுக்கு வம்பு" என்ற பயம் வேண்டாம். ஆனாலும் உயிராபத்து இல்லாதபோது அவள் சம்மதத்தைக் கேட்டே செய்யுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அடித்தவர் யார், எதனால் அடித்தார் என்று உண்மையைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். "விழுந்துட்டேன்" என்று எழுதிவிட்டால் நாளை வழக்குக்கு அந்தச் சீட்டு உதவாது.

உதவி எண்கள்

பெண்கள் உதவி மையம்: 181 (24 மணி நேரமும்). அவசரப் போலீஸ்: 112. ஆம்புலன்ஸ்: 108. குழந்தைகளுக்கு: 1098. சட்ட உதவி: 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உதவி உண்டு. சிகிச்சை, தற்காலிகத் தங்குமிடம், போலீஸ், வக்கீல், ஆலோசனை அனைத்தையும் ஓரிடத்தில் பெற்றுத் தர ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 1992-இல் சென்னையில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்று பல ஊர்களில் உள்ளன.

ஊரில் பேச்சைத் தொடங்குவது எப்படி?

"குடும்ப வன்முறைக் கூட்டம்" என்று அழைத்தால் பாதிக்கப்பட்டவளை வீட்டார் அனுப்ப மாட்டார்கள். இரத்தசோகை, வளரிளம் பெண்கள் நலம், குழந்தை எடை பார்த்தல் என்று கூட்டி, இடையே இதையும் பேசுங்கள். 181 என்ற எண்ணை அங்கன்வாடி, ரேஷன் கடை, பெண்கள் கழிப்பறைச் சுவர் ஆகிய இடங்களில் எழுதி வையுங்கள். தனியாக நின்று படிக்கக் கூடிய இடமே நல்ல இடம். கிராம சபையில் ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். வில்லுப்பாட்டும் தெருக்கூத்தும் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் கதையில் வரும் வீடு ஊரில் உள்ள எந்த வீட்டையும் நினைவூட்டக் கூடாது.

ஆண்களை விட்டுவிட வேண்டாம். டீக்கடையில் "பொண்டாட்டிய ரெண்டு போட்டாத்தான் அடங்குவா" என்று ஒருவர் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஆண் "அது ஆம்பளத்தனம் இல்லப்பா" என்று சொல்ல வேண்டும். பெண்கள் பத்துக் கூட்டம் போட்டுச் சொல்வதைவிட அங்கே அந்த ஒரு சொல் அதிகம் ஏறும்.

நினைவிற் கொள்க

கேளுங்கள், நம்புங்கள், ரகசியம் காத்திடுங்கள். ஆபத்தை அளந்து பாருங்கள். முடிவு அவளுடையது, துணை நம்முடையது. உங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் "சொல்ல ஒரு ஆள் இல்லையே" என்று சொல்லாமல் இருக்க, அந்த ஆளாக நீங்கள் இருங்கள். இன்றே 181 என்ற எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். நாளை இன்னும் இருவருக்குச் சொல்லுங்கள்.