கதவைத் திறப்பதா, பூட்டுவதா? குடியரசுக் கட்சியின் 40 ஆண்டுக் குடுமிப்பிடி

அமெரிக்கக் குடியரசுக் கட்சி பழைமையில் பற்றுள்ள கட்சி. கட்டுப்பாடான கட்சி என்றும் பெயர் வாங்கியது. வரியைக் குறைப்பது, அரசாங்கத்தின் தலையீட்டைக் குறைப்பது போன்ற விஷயங்களில் அதன் அங்கத்தினர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே கை தூக்குவார்கள். ஆனால் வெளிநாட்டார் குடியேற்றம் என்ற பேச்சு வந்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு காற்றில் பறந்துவிடும். ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர், "வேலைக்கு ஆள் வேண்டும், கதவைத் திற" என்பார். மற்றவர், "வந்தவர்கள் போதும், கதவைப் பூட்டு" என்பார். நாற்பது ஆண்டுகளாக இந்தச் சண்டை ஓயவில்லை.

வேறொரு நாட்டில் ஒரு கட்சியின் வீட்டுச் சண்டைதானே, நமக்கென்ன என்று தள்ளிவிடுவதற்கில்லை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிள்ளையோ பெண்ணோ மருமகனோ அமெரிக்காவில் இருப்பது இன்று சாதாரணம். அவர்கள் அங்கே தங்கலாமா, எத்தனை காலம் தங்கலாம், அவர்களுடைய குழந்தைகள் கதி என்ன என்பதெல்லாம் இந்தக் குடுமிப்பிடியின் முடிவைப் பொறுத்தே இருக்கின்றன.

ரீகன் காலத்துப் பேரம்

கதை 1986ல் தொடங்குகிறது. வையோமிங் மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி ஸெனட்டர் ஆலன் சிம்ப்ஸனும், கென்டக்கியைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி ரொமானோ மஸோலியும் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கொண்டுவந்த மசோதாவில் அந்த ஆண்டு நவம்பர் 6ம் தேதி ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டார். அது ஒரு பேரம். 1982 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அனுமதியில்லாமல் நாட்டில் வசித்து வந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு. அதற்குப் பதிலாக, இனிமேல் அனுமதியற்றவர்களைத் தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு அபராதம்.

பேரத்தின் முதல் பாதி உடனே நிறைவேறிற்று. விவசாயத் தொழிலாளர்களையும் சேர்த்துச் சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வமான அந்தஸ்து பெற்றார்கள். இரண்டாவது பாதி காகிதத்தோடு நின்றது. "தெரிந்தே" என்ற அந்த ஒரு வார்த்தையே முதலாளிகளுக்குக் கவசமாயிற்று. தொழிலாளி காட்டும் தஸ்தாவேஜு பார்வைக்கு நிஜமாகத் தோன்றினால் போதும், அது போலியா என்று துருவ வேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை. போலிக் காகிதங்கள் பெருகின. ஆட்கள் வருவதும் நிற்கவில்லை.

"மன்னிப்பைக் கொடுத்தோம், காவலைக் காணோம்" என்ற கசப்பு அன்றுதான் குடியரசுக் கட்சிக்குள் வேரூன்றியது. அதன் பின் வந்த ஒவ்வொரு சீர்திருத்தத்தையும் அந்தக் கசப்பே வழிமறித்தது. இதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஒரே மனிதர், இரண்டு பக்கம்

கட்சியின் பிளவு எப்படிப்பட்டது என்பதற்குக் கலிபோர்னியாவின் பீட் வில்ஸன் நல்ல உதாரணம். 1980களில் ஸெனட்டராக இருந்தபோது, பழமும் காய்கறியும் பறிக்கக் கூலியாட்கள் வேண்டும் என்று மன்றாடிய தோட்ட முதலாளிகளுக்காக வாதாடியவர் அவர். 1994ல் அதே வில்ஸன் கவர்னராக மறுதேர்தலுக்கு நின்றபோது, அனுமதியற்றவர்களுக்குப் பள்ளிக்கூடமும் அவசரமல்லாத வைத்திய வசதியும் கிடையாது என்ற 187வது பிரேரணையை ஆதரித்துப் பிரசாரம் செய்தார். பிரேரணைக்குச் சுமார் 59 சதவிகித வாக்குகள் கிடைத்தன. வில்ஸனும் வென்றார். நீதிமன்றம் அந்தப் பிரேரணையை அமல்படுத்த விடவில்லை.

அப்போதே குடியரசுக் கட்சியின் பிரமுகர்களான ஜாக் கெம்பும் வில்லியம் பென்னட்டும் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். கலிபோர்னியாவில் 1988க்குப் பிறகு குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் எவரும் வென்றதில்லை. பிரேரணை ஸ்பானிய வழியினரைப் பகைத்துக்கொண்டதே காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மாநிலத்தின் ஜனத்தொகையும் தொழில்களும் மாறியதே காரணம் என்று மறுசாரார் சொல்கிறார்கள். இந்த விவாதமும் இன்னும் தீரவில்லை.

இதே கட்சியின் ஆதரவுப் பத்திரிகையாகக் கருதப்படும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், எல்லைகளையே திறந்துவிட அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1984ல் தலையங்கம் தீட்டியது. அதே கட்சியில் பாட் புக்கானன், குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று முழங்கி 1992ல் பதவியிலிருந்த ஜனாதிபதியையே உட்கட்சித் தேர்தலில் எதிர்த்தார். 1996ல், சட்டபூர்வமான குடியேற்றத்தையும் குறைக்க வேண்டும் என்று சிம்ப்ஸன் முயன்றபோது, அதைத் தடுத்து நிறுத்தியவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். மிச்சிகன் ஸெனட்டர் ஸ்பென்ஸர் ஆப்ரகாம்.

புஷ் பட்ட பாடு

டெக்ஸாஸ் கவர்னராக இருந்து ஜனாதிபதியான ஜார்ஜ் டபிள்யூ. புஷ், கட்சியின் "கதவைத் திற" கோஷ்டியைச் சேர்ந்தவர். தற்காலிக வேலை அனுமதித் திட்டம் ஒன்றை 2004 ஜனவரியில் அறிவித்தார். ஆனால் 2005 டிசம்பரில் அவருடைய கட்சியே பெரும்பான்மை வகித்த பிரதிநிதிகள் சபை, அனுமதியின்றி நாட்டில் இருப்பதையே கிரிமினல் குற்றமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. 2006 மே மாதம் ஸெனட் சபை அதற்கு நேர்மாறான மசோதாவை 62க்கு 36 என்ற வாக்கில் நிறைவேற்றியது. இரண்டு சபைகளிலும் ஒரே கட்சிக்குத்தான் பெரும்பான்மை. இருந்தும் இரண்டு மசோதாக்களும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

2007ல் புஷ் மீண்டும் முயன்றார். வானொலிப் பேச்சாளர்கள் கிளப்பிய புயலில் ஸெனட்டின் தொலைபேசி இணைப்பகமே திணறியது. ஜூன் 28ம் தேதி, விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் ஆதரவு தேவைப்பட்டது. கிடைத்தது 46. தம் கட்சி ஸெனட்டர்களில் பெரும்பாலோரை ஜனாதிபதியால் வசப்படுத்த முடியவில்லை. அந்தச் சமயத்தில் அனுமதியற்றவர்களின் எண்ணிக்கை சுமார் 1 கோடியே 20 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது.

கான்டரின் வீழ்ச்சி

2012 தேர்தலில் மிட் ராம்னி தோற்றார். ஸ்பானிய வழி வாக்காளர்களில் அவருக்குக் கிடைத்தது சுமார் 27 சதவிகிதம். கட்சித் தலைமை தோல்விக்குக் காரணம் ஆராய்ந்து 2013 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. குடியேற்றச் சீர்திருத்தத்தை ஏற்காவிட்டால் கட்சி சுருங்கிவிடும் என்று அது எச்சரித்தது. அதே ஆண்டு ஜூன் 27ம் தேதி ஸெனட்டில் 68க்கு 32 என்ற வாக்கில் விரிவான மசோதா ஒன்று நிறைவேறிற்று. ஜான் மக்கெய்ன், மார்க்கோ ரூபியோ உள்பட 14 குடியரசுக் கட்சியினர் அதை ஆதரித்தார்கள்.

பிரதிநிதிகள் சபையில் சபாநாயகர் ஜான் பேனர் அதை வாக்கெடுப்புக்கு விடவில்லை. தன் கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர் விரும்பாததை எடுத்துக்கொள்வதில்லை என்ற சம்பிரதாயத்தைச் சொன்னார். மறு வருஷம் ஜூன் 10ம் தேதி, சபையில் கட்சியின் இரண்டாவது பெரிய தலைவரான எரிக் கான்டர், வர்ஜீனியாவில் தம் சொந்தத் தொகுதியின் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் டேவிட் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர். கான்டர் குடியேற்ற விஷயத்தில் வளைந்து கொடுக்கிறார் என்பதே பிராட்டின் முக்கியக் குற்றச்சாட்டு. அந்தத் தோல்விக்குப் பிறகு மசோதாவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மசோதாவை ஆக்கியவர்களில் ஒருவரான ரூபியோவே பிறகு அதிலிருந்து விலகிக்கொண்டார்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பிரதிநிதிகள் சபைத் தொகுதிகள் பல, ஒரே கட்சிக்குச் சாதகமாக அமைந்தவை. அங்கே உறுப்பினருக்கு எதிர்க்கட்சியிடம் பயமில்லை. கொஞ்சம் பேரே வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சிக்காரர் கிளம்பிவிடுவாரோ என்றுதான் பயம். மாநிலம் முழுவதும் வாக்குக் கேட்க வேண்டிய ஸெனட்டருக்கு இந்தப் பயம் சற்றுக் குறைவு. ஸெனட்டில் பிறந்த மசோதாக்கள் பிரதிநிதிகள் சபை வாசலில் மாண்டதன் ரகசியம் இதுதான்.

டிரம்ப் வந்த பிறகு

எல்லைச் சுவர் என்ற கோஷத்தோடு 2015ல் களம் இறங்கிய டொனால்ட் டிரம்ப், "பூட்டு" கோஷ்டியைக் கட்சியின் தலைமைக்கே கொண்டுவந்தார். அப்போதும் பிளவு மறையவில்லை. 2018 ஜூன் மாதம் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியே இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தது. கடுமையானது 193க்கு 231 என்று தோற்றது. சமரச மசோதா 121க்கு 301 என்று படுதோல்வி அடைந்தது. அதை எதிர்த்தவர்களில் 112 பேர் குடியரசுக் கட்சியினர்.

2024 பிப்ரவரியில் ஓக்லஹோமா ஸெனட்டர் ஜேம்ஸ் லாங்க்போர்ட், எல்லைக் காவலைக் கடுமையாக்கும் மசோதா ஒன்றை ஜனநாயகக் கட்சியினரோடு பேசி முடித்தார். பொதுமன்னிப்பு என்ற பேச்சே அதில் இல்லை. ஆனாலும் டிரம்ப் எதிர்த்தார். குடியரசுக் கட்சி ஸெனட்டர்களில் ஆதரித்தவர்கள் 4 பேரே. அந்த ஆண்டு நவம்பரில் டிரம்ப் வென்றார். கணிப்புகளின்படி ஸ்பானிய வழியினரில் 45 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். 2013 அறிக்கையின் ஆரூடம் பொய்த்துப் போயிற்று.

நம்மவரைச் சுற்றி ஒரு சண்டை

வெற்றிக் களிப்பு அடங்குவதற்குள் அடுத்த சண்டை வந்தது. இந்த முறை அதன் நடுவில் நம்மவர் ஒருவர். 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக டிரம்ப் நியமித்தார். டிரம்பின் தீவிர ஆதரவாளர்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது. திறமைசாலிகள் உலகின் எந்த மூலையிலிருந்தும் வரட்டும் என்று ஈலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் வாதாடினார்கள். எச்-1பி விசா அமெரிக்கரின் வேலையைப் பறிக்கும் மோசடி என்று ஸ்டீவ் பானன் சாடினார். தமக்கு அந்த விசா பிடிக்கும் என்று டிரம்ப் அப்போது சொன்னார். 2025 செப்டம்பரில் அதே டிரம்ப், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று பிரகடனம் செய்தார். நெடுங்காலமாகக் குடியரசுக் கட்சியின் தோழனாக இருந்த அமெரிக்க வர்த்தக சபை அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது.

பண்ணைகளிலும் இதே கதைதான். 2025 ஜூன் மாதம், விவசாயிகளும் ஹோட்டல்காரர்களும் நல்ல ஆட்களை இழக்கிறார்கள் என்று டிரம்ப்பே ஒப்புக்கொண்டார். அங்கெல்லாம் சோதனைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. சில நாட்களுக்குள் அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று.

வரிசையில் நிற்பவர்கள்

இந்தக் குடுமிப்பிடியால் நஷ்டம் யாருக்கு? வேலையின் அடிப்படையில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, ஆண்டுக்குச் சுமார் 1,40,000 என்று 1990 சட்டம் வகுத்தது. தொழிலாளியின் மனைவி மக்களும் இந்தக் கணக்கிலேயே அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவிகிதத்துக்கு மேல் இல்லை. இந்தியாவுக்கும் 7, ஐஸ்லாந்துக்கும் 7. எச்-1பி பெறுபவர்களிலோ பத்தில் ஏழு பேருக்கு மேல் இந்தியர்கள். ஆகவே அவர்களுடைய வரிசை மட்டும் பல பத்தாண்டு நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. பெற்றோரின் விசாவை அண்டிச் சென்ற குழந்தை, 21 வயது நிறைந்ததும் அந்த உரிமையை இழந்து, வேறு விசா தேட வேண்டும். இல்லாவிட்டால் தனக்குத் தெரியாத தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இந்த நாட்டு வரம்பை நீக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2019 ஜூலையில் 365க்கு 65 என்று நிறைவேற்றியது. யூட்டா மாநிலக் குடியரசுக் கட்சி ஸெனட்டர் மைக் லீ ஸெனட்டில் அதற்காகப் போராடினார். அவருடைய கட்சிக்காரர்களே ஒருவர் பின் ஒருவராக ஆட்சேபித்துத் திருத்தம் கேட்டார்கள். 2020 டிசம்பரில் ஸெனட்டும் ஒரு வடிவத்தை ஏற்றது. ஆனால் இரண்டு சபைகளின் வாசகமும் வேறுபட்டிருந்ததால், கூட்டத் தொடர் முடிந்ததும் மசோதா காலாவதியாயிற்று.

இரு கோஷ்டிகளுக்கும் அவரவர் நியாயம் உண்டு. கூலி குறையும், சட்டத்துக்கு மதிப்பிராது என்று அஞ்சும் சிற்றூர்த் தொழிலாளியைக் குறுகிய மனத்தினன் என்று தள்ளிவிடக் கூடாது. ஆள் இல்லாமல் விளைச்சல் வயலில் அழுகுவதைப் பார்க்கும் விவசாயியும் பேராசைக்காரன் அல்ல. இரண்டு நியாயங்களையும் ஒரு சட்டத்தில் அடக்குவதுதான் அரசியல்வாதியின் வேலை. அதை அவர்கள் செய்யாததால், நிர்வாக உத்தரவுகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு ஜனாதிபதி பேனாவால் கொடுப்பதை அடுத்தவர் பேனாவால் எடுத்துவிடலாம்.

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலத்துக்கு வந்த நமக்கு, எங்கும் வசிக்கும் உரிமையை நமது அரசியல் சட்டமே தந்திருக்கிறது. கடல் கடந்து போன நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் வரி கட்டுகிறார்கள், வீடு வாங்குகிறார்கள், குழந்தைகளைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் இன்னும் தற்காலிகமானவர்கள். அமெரிக்கத் தேர்தலில் யார் ஜெயித்தார் என்று பார்ப்பதோடு, ஜெயித்த கட்சிக்குள் எந்தக் கோஷ்டியின் கை ஓங்கியிருக்கிறது என்றும் அவர்களுடைய பெற்றோர் கவனிப்பது நல்லது.