கேரட் ஓகே, திராட்சை வேண்டாம்: உங்க செல்லத்துக்கு எது ஸ்நாக்ஸ், எது விஷம்?

நாம எதைச் சாப்பிட்டாலும் வீட்டு நாய் பக்கத்துல வந்து உட்கார்ந்து ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்கு மயங்கி பிஸ்கட், மிக்சர், கேக்னு ஏதாவது கொடுத்துடுறோம். அதுக்குப் பதிலா பழமோ காய்கறியோ கொடுத்தா நல்லதுதானே? நல்லதுதான். ஆனா நமக்கு ஆரோக்கியமானது எல்லாம் அதுக்கும் ஆரோக்கியம்னு நினைச்சா ஆபத்து. எந்த விலங்கு, எவ்வளவு, எந்தப் பகுதி என்ற மூணையும் பார்த்துத்தான் கொடுக்கணும்.

நாய்க்கு காய்கறி செரிக்குமா?

செரிக்கும். மனுஷங்களோட பல்லாயிரம் வருஷம் வாழ்ந்ததுல நாயோட உடம்பு மாறியிருக்கு. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயை விட நாய்க்கு அதிகப் பிரதிகள்ல இருக்குன்னு 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால காய்கறி நாய்க்குப் புதுசு இல்லை. ஆனா அது ஸ்நாக்ஸ் மட்டும்தான், முழுச் சாப்பாடு ஆகாது.

எவ்வளவு? கால்குலேட்டரை எடுங்க

கால்நடை மருத்துவர்கள் சொல்ற பொதுவான விதி இது: ஒரு நாளைய கலோரியில 10 சதவீதத்துக்கு மேல ஸ்நாக்ஸ் போகக்கூடாது. அந்த நாளைய கலோரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? உடல் எடையை (கிலோவில்) 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்கணும். ஓய்வா இருக்கும்போது தேவைப்படும் கலோரி கிடைக்கும். கருத்தடை செஞ்ச, வளர்ந்த நாய்னா அதை 1.6-ஆல் பெருக்கணும்.

10 கிலோ நாய்க்குப் போட்டுப் பாருங்க. சுமார் 630 கலோரி வரும். அதுல 10 சதவீதம் 63. நடுத்தர வாழைப்பழம் ஒண்ணுலயே சுமார் 105 கலோரி இருக்கு. அப்போ ஒரு நாளைக்கு அரைப் பழத்தோட நிறுத்திக்கணும். வெள்ளரிக்காய்ல 100 கிராமுக்கு சுமார் 15 கலோரிதான். குண்டாகுற நாய்க்கு பிஸ்கட்டை நிறுத்திட்டு வெள்ளரி கொடுக்கச் சொல்றது இதனாலதான்.

தைரியமா கொடுக்கலாம்

கேரட், வெள்ளரி, உப்பு போடாம வேகவைச்ச பீன்ஸ், பூசணி எல்லாம் சரி. பழத்துல ஆப்பிள், தர்பூசணி, பப்பாளி, மாம்பழச் சதை கொடுக்கலாம். ஆனா விதையை எடுத்துடணும். ஆப்பிள் விதையில சயனைடை வெளியிடும் பொருள் இருக்கு. மாங்கொட்டையை விழுங்கினா குடல்ல அடைச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகலாம். கேரட்டைச் சின்னத் துண்டா நறுக்கிக் கொடுங்க, தொண்டையில சிக்காது. புதுசா ஒண்ணு கொடுக்கும்போது ஒரே ஒரு துண்டு கொடுத்து, ஒரு நாள் வயிறு எப்படி இருக்குன்னு பாருங்க.

தொடவே கூடாது

முதல்ல திராட்சை. பச்சை, கறுப்பு, உலர்ந்தது எதுவா இருந்தாலும் நாயோட சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். எத்தனை சாப்பிட்டா ஆபத்துன்னு கணிக்க முடியாது. சில நாய்க்கு ஒண்ணும் ஆகாது, சிலதுக்கு கொஞ்சமே போதும். காரணம் ரொம்ப நாள் புதிராவே இருந்தது. 2021-ல் அமெரிக்க கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைக் கைகாட்டினாங்க. அவங்களுக்குத் துப்பு கொடுத்ததுல ஒண்ணு எது தெரியுமா? நம்ம புளி! புளி சாப்பிட்ட நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்திருந்தது. புளியோட புளிப்புக்கு முக்கியக் காரணமே டார்டாரிக் அமிலம்தான்.

அடுத்தது வெங்காயம், பூண்டு. இதுல இருக்கிற கந்தகச் சேர்மங்கள் நாய், பூனையோட ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைச்சுடும். வேகவைச்சாலும் வதக்கினாலும் விஷம் போகாது. பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே பாதிப்பு தரும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது ரெண்டு மூணு சின்ன வெங்காயம். அறிகுறி உடனே தெரியாது. சில நாள் கழிச்சுத்தான் சோர்வு, ஈறு வெளுத்துப்போறது, சிறுநீர் அடர் நிறமா வர்றது எல்லாம் தெரியும்.

இப்போ நம்ம மிச்சச் சாப்பாட்டை யோசிங்க. சாம்பார்ல சின்ன வெங்காயமும் புளியும், ரசத்துல பூண்டும் புளியும், பாயசத்துலயும் கேசரியிலயும் உலர் திராட்சை. அதனால வீட்டு நாய்க்கோ ஹாஸ்டல் மெஸ் வாசல்ல நிக்கிற நாய்க்கோ மிச்ச சாம்பார் சாதத்தை வைக்காதீங்க. வெறும் சாதமும் வேகவைச்ச முட்டையும் போதும்.

பூனை, முயல், பறவை

பூனை கட்டாய அசைவம். அதுக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனையில வேலை செய்யலைன்னு 2005-ல் கண்டுபிடிச்சாங்க. பழத்தை அது கண்டுக்கலைன்னா விட்டுடுங்க.

கார்ட்டூன்ல முயல் கேரட்டாவே தின்னும். நிஜத்துல முயலுக்கு முக்கிய உணவு பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும். கேரட்ல சர்க்கரை அதிகம், எப்பவாவது ஒரு துண்டு போதும். கினி பன்றி மட்டும் வேற கேஸ். நம்மளைப் போலவே அதுக்கும் உடம்புல வைட்டமின் சி உற்பத்தி ஆகாது, குடைமிளகாய் மாதிரி காய் தினமும் வேணும். லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவங்க பட்டர் ஃப்ரூட்டைக் கூண்டுப் பக்கமே கொண்டு போகாதீங்க. அதுல இருக்கிற பெர்சின் பறவையோட இதயத்தைப் பாதிக்கும்.

தவறிச் சாப்பிட்டுட்டா?

வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க. உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், அந்த உப்பே விஷமாகும். என்ன சாப்பிட்டுச்சு, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு குறிச்சுக்கிட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க. சென்னை வேப்பேரியிலயும் நாமக்கல்லயும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கு. மத்த ஊர்க்காரங்க பக்கத்துல இருக்கிற கால்நடை மருத்துவமனை நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணி வைங்க.

இன்னைக்கு வீட்டுக்குப் போன் பண்ணும்போது அம்மாகிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க: பாயசத்து உலர் திராட்சை வேண்டாம், வெங்காயம் போட்ட சாதம் வேண்டாம். மத்தபடி ஒரு துண்டு கேரட்டைத் தாராளமா கொடுக்கலாம்!