பின்னிருக்கையில் இருந்தவர்

பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார்ச் சைக்கிளொன்றில், 1934 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், போலந்து நாட்டிலிருந்து ஓர் இளந்தம்பதியர் புறப்பட்டனர். கணவர் ஸ்தனிஸ்லாவ் புயகோவ்ஸ்கி, மனைவியார் ஹலினா. பால்கன் நாடுகளைக் கடந்து, துருக்கி, ஈராக், ஈரான், இந்தியா, பர்மா வழியாக 1936 இல் அவர்கள் சீனத்துச் சங்காய் நகரை அடைந்தனர். அப்பயணத்தை எழுதி வைத்தவர் ஹலினா அம்மையாரே. அவர்தம் எழுத்து நூலுருப் பெற்றதோ 2011 இல்!

ஓட்டியவர் ஒருவராக, எழுதியவர் மற்றொருவரானது ஏன்? சென்ற மாசித் திங்களில் ஒரு சனிக்கிழமை, குச்சவெளிக்குப் போய்வந்த பின்னரே அது எனக்கு விளங்கிற்று.

குச்சவெளி என் துணைவியார் பிறந்த ஊர். 1985 இல், பதின்மூன்று வயதில், பெற்றோருடன் அவ்வூரை விட்டு வந்தவர் பிறகு அங்கே கால் வைக்கவில்லை. திருகோணமலையிலிருந்து வடக்கே முப்பத்துநான்கு கிலோமீற்றர்தான், பேருந்தும் உண்டு. “பஸ் நான் நினைச்ச இடத்திலை நிக்காதெல்லோ” என்பார். நானோ விடைத்தாள், வகுப்பு என்று ஆண்டுகளைக் கடத்தினேன். இறுதியில் மகனின் மோட்டார்ச் சைக்கிளை இரவல் பெற்றுப் புறப்பட்டோம்.

உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி எல்லாம் கடந்தன. நான் கண்டவை குழிகள், குறுக்கே வந்த மாடுகள், எதிரே வந்த பாரவண்டிகள். ஐம்பத்தாறு வயதில் வண்டியோட்டுபவனுக்கு இவையே உலகம். “நீர் இறுக்கிப் பிடியும்” என்றதைத் தவிர வேறொன்றும் நான் பேசவில்லை. இறக்கக்கண்டியில் 2009 இல் திறக்கப்பட்ட பாலத்தின்மீது ஏறியபோது அவர் என் தோளைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனம் குச்சவெளிக் கடலோரப் பாறையில் இருந்தது. அங்கே வடமொழிச் செய்யுளில் அமைந்த பழங்கல்வெட்டு ஒன்று உளது. அருகே சிறு தூபிகளின் உருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன. அறிஞர் பரணவிதான பதிப்பித்த அக்கல்வெட்டை மூலத்திலேயே காண்பது என் நெடுநாள் வேட்கை. தேய்ந்த எழுத்துகளைக் குனிந்தும் விரலால் தடவியும் பார்த்திருந்ததில் வெயில் சாய்ந்தது. துணைவியார் குடையுடன் ஒருபுறம் நின்றார். ஒரு சொல் முனகினாரல்லர்.

பிறகுதான் அவர் வீட்டு வளவைத் தேடினோம். வீடு இல்லை. போருக்கும், 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளுக்கும் பிறகு எஞ்சியது கிணற்றுக் கட்டு மட்டுமே. அயல் வீட்டிலிருந்து ஒரு முஸ்லிம் மூதாட்டி வந்தார். முக்காட்டை விலக்கி நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “வாத்தியார்ர மகளா நீ?” என்றார். துணைவியார் அவர் தோளிற் சாய்ந்து அழுதார். தேநீர் வந்தது. ஆனால் இருவரும் கிணற்றடியில் இருந்து பேசக் கிடைத்தது அரைமணி நேரமே. இருட்டில் ஓட்ட அஞ்சி நான்தான் அவசரப்படுத்தினேன். பாறையடியில் நான் செலவிட்டதோ இரண்டு மணி நேரம்.

அன்றிரவு இக்கட்டுரையை எழுத அமர்ந்தேன். கல்வெட்டைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. துணைவியாரைக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: உப்பளத்து வெண்குவியல்கள், தலையற்று நின்ற பனைகள், கரைவலை இழுத்தோர், போகும்போது வலப்புறமும் வரும்போது இடப்புறமும் விடாது தொடர்ந்த கடல். ஒன்றையும் நான் கண்டிலேன்.

“பாலத்தில் ஏன் தட்டினீர்?” என்றேன்.

“சின்னனிலை அதிலை பாதையிலைதானே போனனாங்கள்” என்றார். எம்மவர் ‘பாதை’ என்பது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை. “அது வந்து அடையிற இடம் தெரியுதோ எண்டு பார்க்க நினைச்சன். இஞ்சருங்கோ, அடுத்த முறை அதிலை நிப்பாட்டுங்கோ.”

மகனிடம் மீண்டும் வண்டி கேட்டிருக்கிறேன்.