ஒரே அலமாரி, இரு நிறம்

பெட்டியில் பலகைகளாக வந்து, நாமே திருகாணி முடுக்கிப் பூட்டிக்கொள்ளும் புதிய அலமாரியின் கதவு ஒரு நிறமும் பக்கப்பலகை வேறொரு நிறமுமாகத் தோன்றுவதற்குக் காரணம், பெரும்பாலும் மரமன்று, காகிதமே. மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையின்மேல், மரவரி அச்சிட்டு மெலமைன் பிசினில் தோய்த்த காகிதத்தை உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் படிய வைக்கிறார்கள்; ஓர் அச்சுத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் மையில் சூக்ஷ்ம பேதம் நேர்வது சகஜம். விளிம்புப் பட்டையோ அநேகமாகப் பிளாஸ்டிக். ஆகவே பகல் வெளிச்சத்தில் ஒத்துத் தோன்றும் காகிதமும் பட்டையும் எல்.இ.டி. விளக்கின்கீழ்ப் பிணங்கி நிற்கும் விசித்திரமும் உண்டு. மெய்யான மரத்தோல் ஒட்டிய சாமானில் சூரிய ஒளியே நாளடைவில் நிறத்தை மாற்றிவிடும். அது வேறு கதை. ஆதலால், பூட்டுமுன் பலகைகளை ஜன்னலோரத்திலும் விளக்கின்கீழும் அருகருகே வைத்துப் பாருங்கள். பேதம் கண்ணை உறுத்தினால், திருகாணியைத் தொடாமல், பெட்டியிலுள்ள தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, மாற்றித் தரும்படி கடைக்காரரைக் கேளுங்கள்.