ஸ்கேனர் கோடு மட்டும் போதுமா? கார் எலக்ட்ரிக்கல் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ‘டக்... டக்...’ சத்தம் மட்டும்தான் வருகிறது. டேஷ்போர்டில் ஏபிஎஸ், ஸ்டீயரிங், செக் இன்ஜின் என்று வரிசையாக விளக்குகள். ‘போச்சு, கம்ப்யூட்டரே அவுட்டு!’ என்று மனசு பதறும். ஈசியூ மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டால் பல ஆயிரம் ரூபாய் காலி. ஆனால், இத்தனை விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான்.

கோளாறு ஒன்று, புகார் பத்து

இன்றைய கார்களில் இன்ஜின், பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் என ஒவ்வொன்றுக்கும் தனி கன்ட்ரோல் யூனிட் உண்டு. ‘கேன்’ எனப்படும் இரண்டு வயர் இணைப்பு வழியாக இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை இது. எல்லா யூனிட்டும் நம்பியிருப்பது ஒரே 12 வோல்ட் சப்ளையை. அது சட்டென்று சரிந்தால், ஒவ்வொரு யூனிட்டும் தன் பங்குக்கு ஒரு புகாரைப் பதிவு செய்துவிடும்.

மீட்டர் சொல்லும் கதை

எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால்வாசி. 12-க்குக் கீழே போயிருந்தால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமாகியிருக்கலாம். அதை சார்ஜ் ஏற்றி மறுபடி சோதிக்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை காட்டும். பல புதிய கார்கள் எரிபொருளை மிச்சப்படுத்த சார்ஜிங்கை அவ்வப்போது குறைக்கும். அதனால் ஒருமுறை குறைவாகக் காட்டியதுமே ‘ஆல்டர்னேட்டர் போச்சு’ என்று முடிவு கட்டக் கூடாது. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டபிறகும் வோல்டேஜ் ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால்தான் சார்ஜிங் பக்கம் பார்க்க வேண்டும்.

எர்த் என்னும் மறைந்த எதிரி

பேட்டரி நல்லா இருக்கு, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லையா? எர்த் வயரைப் பாருங்கள். பாடியில் முடுக்கியிருக்கும் போல்ட்டில் துரு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் கூடும். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருவின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குதான் என்றாலும், அங்கேயே 1.5 வோல்ட் வீணாகிவிடும். கரன்ட் ஓடாதபோது மீட்டரில் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதுதான் இதில் சிக்கல்.

எனவே ஒருவர் செல்ஃப் அடிக்கும்போதே, இன்ஜின் உலோகத்துக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி முடுக்க வேண்டும். செலவு? அரை மணி நேர வேலை.

கோடு காட்டுவது தெருவைத்தான்

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி போர்ட்டில் ஸ்கேனரை மாட்டினால் கோடு வரும். ‘பி0135’ வந்தால், ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். அந்த சர்க்யூட்டில் சென்சார், ஃபியூஸ், வயர், கப்ளர் எல்லாமே அடக்கம். கோடு தெருவைச் சொல்லும். வீட்டை நாம்தான் தேட வேண்டும். கப்ளரில் சப்ளை வருகிறதா என்று பார்க்காமல் சென்சாரை மாற்றினால், காசு போனபிறகும் விளக்கு எரியும். எலி கடித்த வயர், மழைத் தண்ணீர் புகுந்து பச்சை பூத்த கப்ளர் எல்லாம் இந்த வகைதான்.

ரெண்டு நாள் நின்றாலே பேட்டரி காலியா?

காரைப் பூட்டியபிறகும் கொஞ்சம் கரன்ட் ஓடும். யூனிட்டுகள் எல்லாம் ‘தூங்க’ அரை மணி நேரம், சில கார்களில் அதற்கும் மேலே ஆகும். அதன்பிறகு பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 300 மில்லி ஆம்பியர் கசிந்தால், 45 ஆம்பியர்-ஹவர் புது பேட்டரியே ஆறு நாளில் காலி. பழைய பேட்டரி அதற்கு முன்பே படுத்துவிடும். தனியாக மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர் போன்றவற்றை முதலில் கழற்றிப் பாருங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க

* 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? அங்கே 30 ஆம்பியர் போடாதீர்கள். அடுத்தமுறை ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். கார் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் தீர்வு.
* அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது ரிப்பேர் ஆகாது. முறையாக கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும்.
* ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு நிற கேபிள்களில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் ஓடும். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர்களும் அப்படித்தான் ஆபத்தானவை. ரெண்டையும் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க மூன்று கேள்விகள்

பெரிய பார்ட் மாற்ற வேண்டும் என்று சொன்னால், சம்மதம் சொல்லும் முன் கேளுங்கள்: “என்ன கோடு வந்துச்சு? எங்கே அளந்து பார்த்தீங்க? எவ்வளவு காட்டுச்சு?” அளந்து பார்த்த மெக்கானிக் தயங்காமல் பதில் சொல்வார். பதில் வராவிட்டால், பணம் கட்டும் முன் இன்னொரு இடத்தில் காட்டிவிடுங்கள்.