வீழ்ந்த சுவரும் நின்ற மனிதரும்

திரையிற் காண்பன யாவும் மாயமே என்று கூறி, அதன்கண் தோன்றும் வெள்ளத்தையும் தீயையும் எள்ளி நகைப்பார் பலர். யாமும் அக்கட்சியினராகவே இருந்தோம். "ஸ்டீம்போட் பில் ஜூனியர்" என்னும் அமெரிக்கப் பேசாப்படத்தைக் கண்டபின் அதனின்றும் நீங்கினோம். 1928-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தில், புயல் வீசுந் தெருவிலே பஸ்டர் கீட்டன் நிற்க, அவர் பின்னுள்ள வீட்டின் முன்சுவர் முழுவதும் பெயர்ந்து அவர்மேல் வீழ்கின்றது. மேன்மாடச் சாளரத்தின் திறந்த வெளி நேரே அவர்மீது வந்து படிதலால் அவர் உயிர் தப்புகின்றார்.

ஈண்டு ஒட்டுவேலை யாதுமில்லை. கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் எழுப்பிய தெருவிலே நிகழ்ந்தது இது. சுவரின் நிறை ஏறத்தாழ 2 டன் என்பர். அடியிற் கீல் அமைந்தமையால், பெட்டியின் மூடி சாய்வதுபோல் அது ஒரே பலகையாய்ச் சாய்ந்தது. சாளரம் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் உளதோ, அவ்வளவு தொலைவிலேயே தரையில் வந்து படியும். கணிதத்திற்கு அஞ்சித் தமிழ் பயில வந்த எமக்கும் விளங்கும் கணக்கு இது! தலைக்கும் தோள்களுக்கும் குதிகாலுக்கும் 2 அங்குலமே இடைவெளி விட்டதாகக் கீட்டனே பின்னாளிற் கூறியுள்ளார்.

அட்டையாற் சுவர் செய்தலாகாதோ எனின், ஆகாது. புயலுக்கென விமான எந்திரங்களைக் கொண்டு காற்றெழுப்பினர். இலேசான சுவர் அக்காற்றில் முறுக்குண்டு குறி தவறும். தவறின் சட்டம் தலையிற் படும். ஆதலின் கோணாது வீழுமாறு கனமாகவே கட்டி, காற்றும் அதன் முகத்திற் படாவாறு திருப்பினர். கொல்லவல்ல கனமே காவலும் ஆயிற்று.

1920-இல் வந்த "ஒன் வீக்" படத்திலும் அவர் இவ்வாறு ஒரு சுவரை வீழ்த்தியதுண்டு, அது சிறிது. பெரியதையோ இரண்டாம் முறை எடுத்துப் பார்த்தற்கு இடமில்லை. நகைச்சுவையின்பொருட்டு ஒருவர் இத்துணை துணிதல் தகுமோ என்று எம்முள் வழக்காடினோம். தகாது என்றே எமக்குத் தோன்றிற்று. எனினும் மறுநாளும் அக்காட்சியைப் பற்றியே பேசினோம்.

படம் பிடித்தோருள் சிலர் அக்கணத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டனர் என்பர். கீட்டன் மட்டும் அசையவில்லை.