இலேசான ரிவால்வரும் ஐந்தாவது தோட்டாவும்

அமெரிக்காவில் விற்கப்படும் சில ரிவால்வர்கள் 350 கிராம்கூட இல்லை என்றும், அவற்றில் மேக்னம் போன்ற வலுவான தோட்டாக்களையே போட்டுச் சுடலாம் என்றும் விளம்பரங்கள் சொல்கின்றனவே, இது உண்மையா? உண்மை என்றால் கனமான துப்பாக்கியை இன்னும் ஏன் வாங்குகிறார்கள்? வாசகர் ஒருவரின் கேள்வி இது. விளம்பரம் சொல்லும் எடை உண்மைதான். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் 340பிடி என்ற ஐந்து தோட்டா ரிவால்வர் சுமார் 335 கிராம். .357 மேக்னம் தோட்டாவை அது சுடும், உடைந்துபோகாது. அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வயதுவந்தவர் ஒருவர் அனுமதிச் சீட்டே இல்லாமல் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். நாள் முழுக்க இடுப்பிலோ கால்சட்டைப் பையிலோ கிடக்க வேண்டிய பொருள் என்பதால், குட்டைக் குழலும் குறைந்த எடையும் பெரிய குண்டும் ஒன்றாகச் சேர்ந்த ரிவால்வருக்கு அங்கே எப்போதும் கிராக்கி. ஆனால் துப்பாக்கியிலிருந்து கழித்த எடைக்கு யாரோ ஈடு கொடுத்தாக வேண்டும். கையும் மணிக்கட்டும் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். சுடப்படாமல் உள்ளே காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களும் கொடுக்கின்றன. எதை வாங்குவது என்ற முடிவை அவைதான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் கையின் கணக்கு. .357 மேக்னத்தின் வழக்கமான குண்டு 158 கிரெய்ன், அதாவது பத்து கிராமுக்குச் சற்று மேல். இரண்டு அங்குலக் குழலிலிருந்து அது நொடிக்கு ஏறக்குறைய 335 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கூடவே சீறிப்பாயும் வெடிமருந்து வாயுவின் உந்தத்தையும் சேர்த்துக்கொண்டு தோராயமாகப் போட்டுப் பார்த்தால், தோட்டாக்களோடு 420 கிராம் இருக்கும் இலேசான ரிவால்வர் நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வருகிறது. அதே தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள பழைய எஃகு ரிவால்வரில் சுட்டால் அந்த வேகம் 4 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். ஆற்றலாகச் சொன்னால் எஃகுத் துப்பாக்கியில் 10 ஜூலுக்கும் குறைவு, இலேசானதில் 25 ஜூல். மூன்றரைக் கிலோ வேட்டைத் துப்பாக்கி தோளில் தரும் உதைக்கு இது ஏறக்குறைய நிகர். தோள் தாங்குவதை இங்கே கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தசை தாங்குகிறது. துப்பாக்கி விமர்சனங்களில் பெரும்பாலானவை இந்த வலியைச் சொல்லி முடித்துக்கொள்கின்றன. வலி முக்கியம்தான். ஆனால் இந்தப் பொருளில் உண்மையிலேயே வியக்க வைக்கும் இயற்பியல் கைக்கு வெளியே, உருளைக்குள் நடக்கிறது.

இத்தகைய ரிவால்வரின் உருளையில் ஐந்து அறைகள். ஒன்றில் தோட்டா வெடிக்கும்போது மற்ற நான்கும் சும்மா இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அவை சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கும் அடியில் ஒரு விளிம்பு உண்டு. அந்த விளிம்பு உருளையின் பின்முகத்தில் உட்கார்ந்திருக்கிறது. துப்பாக்கி பின்னால் பாயும்போது உருளை அந்த விளிம்பைப் பிடித்துத் தள்ளுவதால் கூடும் அதோடு சேர்ந்து பின்னால் போகிறது. கூட்டின் வாயில் செருகப்பட்டிருக்கும் குண்டை அப்படிப் பிடித்துத் தள்ள எதுவும் இல்லை. கூட்டின் வாயை உட்புறமாக நெளித்து இறுக்கிய மெல்லிய மடிப்புதான் முக்கியமாக அதைக் கூட்டோடு கட்டி வைத்திருக்கிறது. கூடு பின்னால் ஓட, குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. மடிப்பு தோற்றால் குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடும். ஒரு முறை சுட்டால் ஒரு மயிரிழை நகரும், அடுத்த முறை இன்னும் ஒன்று. முதல் தோட்டாவுக்கு இந்தச் சோதனையே கிடையாது. ஐந்தாவது தோட்டா நான்கு உதைகளையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் தன் முறைக்கு வருகிறது. அதற்குள் அதன் மூக்கு உருளையின் முன்முகத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சட்டத்திலோ குழலின் அடிவாயிலோ முட்டும். அத்தோடு உருளை சுழல்வது நின்றுவிடும்.

புளியமரத்தில் ஏறிக் கிளையை உலுக்குகிறவர் பழத்தைத் தொடுவதே இல்லை. கிளையைத்தான் வெடுக்கென்று அசைக்கிறார். கிளை போகிறது, பழம் அங்கேயே இருக்கப் பார்க்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட காம்பு அறுகிறது. தடித்த கிளையை உலுக்கினால் அவ்வளவாக ஒன்றும் விழாது. மெல்லிய கிளைதான் நன்றாகத் துள்ளும், இலேசான துப்பாக்கியும் அப்படித்தான். ஒரே முற்றலில் இருக்கும் பழங்களில் கனமானது முதலில் விழும், கனமான குண்டும் அப்படித்தான். இளங்காயின் காம்பு கெட்டி, அது நன்றாக இறுக்கிய மடிப்பு. ஓட்டோடு கலகலத்துத் தொங்கும் பழத்தின் காம்பு, சரியாக நெளிக்கப்படாத மலிவான தோட்டாவின் வாய். முதல் உலுக்கலில் விழாத பழம் நான்காவதில் விழும், காம்பு ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக நைந்திருக்கும். ஒப்பீட்டை இன்னும் ஒரு படி இழுக்கலாம். உலுக்குகிறவரின் கை எவ்வளவு மென்மையானது என்பதைப் பற்றிப் பழத்துக்குக் கவலையில்லை. கிளை எவ்வளவு திடீரென்று அசைந்தது என்பது மட்டுமே அதற்குப் பொருட்டு. இந்தக் கடைசிப் படிதான் கீழே ஒரு முக்கியமான ஆட்சேபத்துக்குப் பதிலாக வரப்போகிறது.

விசையின் அளவைப் பாருங்கள். குண்டு குழலைத் தாண்டி வெளியேற ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்த நேரத்துக்குள் துப்பாக்கி நொடிக்கு 11 மீட்டர் வேகத்தை எட்டுகிறது என்றால், சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். பத்து கிராம் குண்டைத் துப்பாக்கியோடு சேர்த்து இழுத்துப்போக அந்த மடிப்பு பத்து முதல் பதினைந்து கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். வீட்டிலேயே தோட்டா கட்டும் அமெரிக்கர்கள், தவறாகக் கட்டிய தோட்டாவைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் வைத்திருப்பார்கள். தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி மரக்கட்டையில் ஓங்கி நாலு தட்டு தட்டினால் குண்டு கழன்று விழும். இலேசான ரிவால்வர் அந்தச் சுத்தியலின் வேலையைத்தான் கேட்காமலே செய்கிறது. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் இதே நிலைமம் நேர்மாறாக வேலை செய்கிறது. அங்கே பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் தோட்டாக்களை விளிம்பில் யாரும் பிடிப்பதில்லை, பெட்டியின் முன்சுவர் வந்து குண்டின் மூக்கில் மோதுகிறது. அதனால் குண்டு வெளியே வருவதற்குப் பதில் கூட்டுக்குள் அமுங்கப் பார்க்கிறது.

இது ஏட்டுக் கணக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். செய்தவர்களே துப்பாக்கியின் மேல் பொறித்திருக்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1990களின் இறுதியில் 296 என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. குட்டைக் குழல், டைட்டானிய உருளை, ஐந்து .44 ஸ்பெஷல் தோட்டாக்கள், எடை 540 கிராம் அளவு. குழலிலேயே "200 கிரெய்னுக்கு மேற்பட்ட குண்டு கூடாது" என்ற பொருளில் எச்சரிக்கை. .44 ஸ்பெஷலின் மரபான குண்டோ 246 கிரெய்ன்! குண்டு கனமானால் துப்பாக்கியின் உதையும் கூடுகிறது, அந்த உதையில் மடிப்பு இழுக்க வேண்டிய எடையும் கூடுகிறது. ஒரே காரணம் இரண்டு இடத்தில் பெருக்கப்படுகிறது. 340பிடியின் குழலில் இதற்கு எதிரான எச்சரிக்கை, 120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டு கூடாது என்று. இலேசான குண்டுள்ள மேக்னம் தோட்டாக்களின் அனல் வாயு டைட்டானிய உருளையை அரிக்கும் என்பதே காரணம். ஆக ஒன்றில் மேல் வரம்பு, மற்றொன்றில் கீழ் வரம்பு. பல பத்தாண்டுகள் எஃகு ரிவால்வர் வைத்திருந்தவர்கள் இவ்வரம்புகளைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆட்சேபங்களுக்கு வருவோம். தடித்த ரப்பர் கைப்பிடி போட்டால் உதை குறையுமே என்பது முதலாவது. கைக்குக் குறையும், அது உண்மை. ஆனால் ரப்பர் அமுங்கித் தன் வேலையைக் காட்டுவதற்குள், குண்டை இழுக்கும் முடுக்கம் முடிந்துபோயிருக்கும். அந்த ஒரு கணத்தில் ரிவால்வர் ஏறக்குறைய யாரும் பிடிக்காத பொருளாகவே பின்னால் பாய்கிறது. மென்மையான பிடி கையை ஏமாற்றும், உருளைக்குள் இருக்கும் தோட்டாவை ஏமாற்றாது. மடிப்பை இன்னும் கெட்டியாக நெளிக்கலாமே என்றால், செய்யலாம், நல்ல தொழிற்சாலைகள் செய்கின்றன. செப்புறை போட்ட குண்டுகளை இறுகப் பிடிக்க முடியும். உறையில்லாத ஈயக் குண்டில் மடிப்பு அவ்வளவு உறுதியாகக் கவ்வாது. அதற்குமேல் நெளித்தால் பித்தளையும் குண்டும் உருக்குலையும் என்பதால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் படுகிறது. .357 மேக்னம் குட்டைக் குழலில் தன் வேகத்தில் ஒரு பகுதியை இழக்கிறது, மருந்தின் ஆற்றல் குழலுக்கு வெளியே தீப்பிழம்பாகவும் காதைப் பிளக்கும் ஓசையாகவும் வீணாகிறது. .44 ஸ்பெஷல் போன்ற தோட்டா குறைந்த அழுத்தத்தில் பெரிய குண்டை மெதுவாகத் தள்ளுவதால் அதற்குக் குட்டைக் குழல் பெரிய குறையில்லை. எனவே குட்டை ரிவால்வருக்குப் பெரிய காலிபரே, அதாவது பெரிய விட்டமுள்ள குண்டே, பொருத்தம் என்கிறார்கள். வாதம் சரிதான். ஆனால் அந்தப் பொருத்தத்தைத் தருவது குண்டின் கனம், இலேசான ரிவால்வரின் மடிப்பு தாங்காததும் அதே கனம்தான். பெரிய காலிபர் வேண்டும் என்கிறவருக்கு அதனாலேயே கொஞ்சம் எஃகு தேவைப்படுகிறது.

உலோகப் பெயர்களைச் சுற்றி எழுப்பப்படும் ஆரவாரத்தையும் தள்ளி வைக்க வேண்டும். 'ஸ்கேண்டியம் ரிவால்வர்' என்று விற்கப்படுவது அலுமினியம்தான். இத்தகைய கலவையில் ஸ்கேண்டியம் பொதுவாக அரை சதவீதத்தைத் தாண்டாது. அது அலுமினியத்தோடு சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து, உலோகத்தின் படிகங்கள் பெருத்துவிடாமல் தடுக்கிறது. அதனால் சட்டம் வலுவாகிறது. அருமையான உலோகவியல் இது. சோவியத் பொறியாளர்கள் இதை மிக் போர்விமானங்களுக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் வலிமை என்பது உடையாமல் இருப்பது. உதையை அடக்குவது நிறை, அதை எந்தக் கலவையாலும் கொடுக்க முடியாது. நம் நாட்டில் 2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று விளம்பரப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரிலும் டைட்டானியம் கலவையும் 500 கிராம் எடையும்தான் முன்னிறுத்தப்பட்டன. அது சுடுவது மென்மையான .32 தோட்டா என்பதால் அங்கே இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை.

குட்டை ரிவால்வரின் வரலாறு சுருக்கமானது. கோல்ட் நிறுவனத்தின் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927இல் வந்தது, ஸ்மித் அண்ட் வெசனின் சீஃப்ஸ் ஸ்பெஷல் 1950இல். இரண்டும் எஃகு, இரண்டும் .38. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளுக்காகச் சட்டமும் உருளையும் அலுமினியத்தில் செய்த ரிவால்வரை வாங்கியது. உருளைகள் அழுத்தத்தைத் தாங்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். எடையைக் குறைக்கும் ஆசைக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

பெரிய காலிபர் ஆளை உடனே நிறுத்திவிடும் என்ற 'நிறுத்தும் ஆற்றல்' பேச்சுக்கும் இவ்வளவு மதிப்புத் தேவையில்லை. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டையில் இரண்டு முகவர்களை இழந்த அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெரிய காலிபரைத் தேடிப் போனது. 2014இல் அதன் பயிற்சிப் பிரிவு மீண்டும் 9 மில்லிமீட்டரையே பரிந்துரைத்தது. நவீனக் குண்டுகளில் காலிபர்களுக்கிடையிலான வேறுபாடு சிறியது, உதை குறைந்தால் முகவர்கள் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பயிற்சியும் தேர்ச்சியும் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், வலிக்குப் பயந்து வருடத்துக்கு ஒரு பெட்டித் தோட்டாகூடச் சுடாத சாதாரண மனிதருக்கு 25 ஜூல் உதை என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும். குறி தவறிய குண்டு வேறு யாரையோ நோக்கிப் போகிறது என்பதால் இதில் எனக்கு அக்கறை அதிகம்.

சுமப்பது நாள் முழுக்க, சுடுவது வாழ்நாளில் ஒருமுறைகூட இருக்காது, ஆகவே சுமக்க வசதியானதே சரி என்று கடைசியாக ஒரு வாதம் மீதி இருக்கிறது. இதை முழுதாக மறுக்க முடியாது. கனமென்று வீட்டில் வைத்துவிட்டுப் போன துப்பாக்கியால் எடுத்துச் செல்ல நினைத்தவருக்குப் பயனில்லை. ஆனால் ரிவால்வரை ஒருவர் தேர்ந்தெடுப்பதே அது சிக்காமல் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான். தானியங்கியில் தோட்டா சிக்கினால் மேல்சட்டத்தை இழுத்துவிட்டுத் தொடரலாம். நீண்டுவந்த குண்டால் பூட்டிக்கொண்ட உருளையைச் சுழற்றவும் முடியாது, பக்கவாட்டில் திறக்கவும் முடியாமல் போகலாம். கழித்த இருநூறு கிராமுக்காக ரிவால்வரின் ஒரே பெரிய சிறப்பை விட்டுக்கொடுப்பது கட்டுப்படியாகாத வியாபாரம். எனவே என் தீர்ப்பு இது. 350 கிராம்தான் வேண்டும் என்றால் .38 ஸ்பெஷலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். .44தான் வேண்டும் என்றால், 1973இல் அறிமுகமான சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் போன்ற, 600 கிராமை ஒட்டிய எஃகுச் சட்டமுள்ள ரிவால்வரும் 200 கிரெய்னுக்கு மேற்படாத குண்டும்தான் குறைந்தபட்சம். எதை வாங்கினாலும் சுடுதளத்தில் ஐந்து தோட்டா நிரப்பி, ஐந்தாவதன் நீளத்தை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, நான்கை மட்டும் சுட்டுவிட்டு ஐந்தாவதை எடுத்து மறுபடி அளக்க வேண்டும். நீளம் கூடியிருந்தால் அந்த வகைத் தோட்டா அந்த ரிவால்வருக்கு ஆகாது.